கோரல் வீட்டு வேலிக்கு வெளியே

கெட்டில் முனையில் சூப்பர் மார்க்கெட் ஒன்றுதான். அதனால் அந்த ஊரில் ஒருவரோடு பேசாமல் இருப்பதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ரேலீனும் அவள் நாத்தனார் கோரலும் இரண்டு வருடமாக மெனக்கெட்டு வந்தார்கள். கோரல் ரொட்டி அடுக்கிய வரிசையில் நுழைந்தால் ரேலீன் நாய்த்தீனி வரிசைக்குள் புகுந்துவிடுவாள். ரேலீனிடம் நாய் கிடையாது. ஒருநாள் அங்கேயே நெடுநேரம் நின்றதில் கடைப்பெண், "நாய் வாங்கியிருக்கீங்களா ஆன்டி?" என்று கேட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் ஒரு பொட்டலத்தை வாங்கிவந்து தெரு நாய்களுக்குப் போட்டாள். அன்றிலிருந்து மூன்று நாய்கள் அவள் வாசலைவிட்டு நகர்வதில்லை.

ரேலீன் பிறந்தது கடலில்லாத ஊரில். கெட்டில் முனையிலிருந்து மேற்கே ஒன்பது மணி நேரம் கார் ஓட்டினால் வருகிற, கலங்கல் தண்ணீர் ஓடும் ஒரு ஆற்றங்கரை. அங்கேயிருப்பவர்களும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான கூரிகள்தான், கெட்டில் முனையில் இருப்பவர்களும் கூரிகள்தான். வெளியாள் பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோல இருக்கும். அவர்களுக்குள் அப்படியில்லை. ஆற்றுக்காரர்கள் நல்லதண்ணிக்காரர்கள், கடற்கரைக்காரர்கள் உப்புத்தண்ணிக்காரர்கள். இருபத்துநான்கு வயதில் ஒரு ரக்பி பந்தயம் பார்க்கப் போன இடத்தில், மூக்கில் ரத்தம் வழிய மைதானத்திலிருந்து வெளியே வந்த ஒரு உப்புத்தண்ணிக்காரனுக்கு ரேலீன் கைக்குட்டை கொடுத்தாள். அந்தக் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்தான். வந்தவன் கைக்குட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டான். கல்யாணம் முடிந்து கெட்டில் முனைக்கு வந்தவள் முப்பத்திரண்டு வருடம் இங்கேயே இருந்துவிட்டாள். அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்.

ரேலீனின் கணவன் இறந்து இரண்டு வருடமாகிறது. போனவர்களின் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கோரல் 'தம்பி' என்பாள், ரேலீன் 'எங்க வீட்டுக்காரர்' என்பாள். தாயில்லாத தம்பியை ஏழு வயதிலிருந்து வளர்த்தவள் கோரல். அவனை இந்தக் கடற்கரையில், தாய் தகப்பன் பக்கத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று அவள் இருந்தாள். ரேலீன் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தாள். ஆஸ்பத்திரியில் அவன் கேட்டது அதுதான். ரேலீன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது பிறந்து, நான்கு நாள் இருந்துவிட்டுப் போன மகள் அங்கேதான் இருக்கிறாள். "பிள்ளை பக்கத்துல என்னைப் போடு" என்றான்.

எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகுதான் ரேலீன் கோரலுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கத்திலிருந்து போன் வைக்கிற சத்தம் மட்டும் வந்தது. அடக்கத்துக்கு கோரல் வரவில்லை. அதன் பிறகு ரேலீன் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனாள். எப்போதும் போலப் பின்பக்கம் போய் அடுப்படிக் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தட்டியதும் ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை.

பிறகு வந்தது மே மாதத்து வியாழக்கிழமை. வருடா வருடம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கெட்டில் முனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். வெள்ளைக்காரர்களின் கப்பலிலிருந்து ஒரு படகு குடிதண்ணீர் தேடி முதன்முதலில் கரையேறிய இடம் அது. அங்கே ஒரு பலகையும் இருக்கிறது. பஸ் ஓட்டுவது ரேலீன். பிள்ளைகளை வரவேற்று, சுற்றிக்காட்டி, கதை சொல்வது கோரலின் மகன் டாலி. பூங்கா இலாகாவில் வேலை. முப்பது வயதாகியும் பேச்சில் விளையாட்டுப் போகாதவன். அம்மாவும் அத்தையும் பேசாத இரண்டு வருடமும் இரண்டு பேரிடமும் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் வாயே திறக்காமல் காலம் தள்ளியவன்.

டாலி சொல்கிற கதையை ரேலீன் டிரைவர் சீட்டிலிருந்தே பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். படகு வந்தபோது கரையில் அவன் முன்னோர்கள் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். படகைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றார்கள். "'பயந்துட்டாங்க'ன்னு கப்பல்காரங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. பயம் ஒண்ணுமில்ல. புதுசா யார் வந்தாலும் தள்ளியே உக்காரணும், வீட்டுக்காரங்க வந்து கூப்பிடணும். இவங்க உக்காருவாங்கன்னு எங்காளுங்க காத்திருந்தாங்க. இவங்க உக்காரவே இல்ல." இந்த இடத்தில் டாலி கையை விரிப்பான். "இருநூத்தி ஐம்பது வருஷமாச்சு, இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க." பிள்ளைகள் சிரிப்பார்கள். கூட வரும் ஆசிரியைகள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள்.

அன்று பத்து மணிக்கு முனையின் கேட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தியபோது டாலியைக் காணோம். டாலி வந்து 'வாங்க' என்று சொல்லாமல் கேட்டைத் தாண்டுவதில்லை. கால்மணி நேரம் பார்த்துவிட்டு ரேலீன் போன் அடித்தாள். நான்காவது தடவை எடுத்தான். காற்றும் அலையும் ஆட்களின் கூச்சலுமாக இருந்தது.

"அத்தை! மடவை வந்துருச்சு!"

"எப்போ?"

"விடியக்காலைல. வடக்குக் கரையே கறுத்துக் கெடக்கு. மேட்டு மேல நின்னு பெரியப்பா தொப்பிய ஆட்டி மீன் போற பக்கத்தக் காட்டுறாரு, நாங்க வலையோட இடுப்புத் தண்ணில நிக்கிறோம்."

அதற்கு மேல் ரேலீனால் திட்ட முடியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மடவை மீன் கூட்டம் கரையோரமாகப் போகும். அது வந்துவிட்டால் அந்த ஊர்க் கூரிகளில் கல்யாண மாப்பிள்ளைகூட மேடையில் நிற்கமாட்டான். நின்றதுமில்லை. அவளுடைய வீட்டுக்காரரே அவளது வளைகாப்பு மாதிரியான ஒரு விருந்தில் கேக் கத்தியைக் கையில் பிடித்தபடி ஓடியவர்.

"முப்பத்தாறு பிள்ளைங்க வாசல்ல நிக்குதுடா. நான் என்ன பண்ணட்டும்?"

"அம்மா வீட்லதான் இருக்காங்க. அவங்க சொன்னா போதுமே. என்னைவிட நல்லா சொல்லுவாங்க."

"நீயே உங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லு."

"யாரு, நானா? அத்தை, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. வாழணும்னு ஆசை இருக்கு." அவ்வளவுதான். யாரோ 'இழு' என்று கத்த, போன் அறுந்தது.

மிஸ் ஹால்பின் கையில் அட்டையோடு பக்கத்தில் நின்றாள். நகரத்திலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருக்கிற இளம் ஆசிரியை. எதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்கிற பதற்றம் உள்ளவள். பிள்ளைகளுக்காக 'முதல் சந்திப்பு' என்று தலைப்பிட்டு ஏழு கேள்விகள் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆன்டி, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லி வரவேத்துடுங்களேன். நீங்களும்..." என்று ஆரம்பித்து, சொல்வது சரியா என்று தெரியாமல் நிறுத்தினாள்.

"நானும் கூரிதான், தயங்காம சொல்லும்மா. ஆனா நான் நல்லதண்ணிக்காரி. இது என் மண்ணு கெடையாது."

"முப்பது வருஷமா இங்கதான் இருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

"முப்பத்திரெண்டு. ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாளியா போற. நல்லா சோறு போடுறாங்க, அங்கேயே தங்கிடுற. அதுக்காக அவங்க வாசல்ல நின்னுக்கிட்டு வர்றவங்கள நீ 'வாங்க வாங்க'ன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?"

மிஸ் ஹால்பின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ திரும்பிடலாமா?"

பின்னால் முப்பத்தாறு பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை இப்போதே தின்னத் தொடங்கியிருந்தார்கள். ரேலீன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாள். திரும்பிப்போனால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. மடவை வந்தது என்றால் தலைமை ஆசிரியருக்கே புரியும். கோரல் வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அவள் வந்தால் இந்த வேலை முடியும். வராவிட்டால் இத்தனை பேர் முன்னால் மூன்றாம் முறையாகக் கதவு திறக்காது. அதன் பிறகு நான்காம் முறை என்று ஒன்று இருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு பஸ்ஸைத் திருப்பினாள்.

ஒரு காலத்தில் கூரிகளைக் குடிவைத்த பழைய மிஷன் குடியிருப்பின் கடைசி வீடு கோரலுடையது. சாலையிலிருந்து கம்பிவேலி, அதற்குள் ஐம்பது அடி புல், பிறகு வீடு. துணிக்கொடியில் போர்வைகள் காய்ந்தன. வேலிக்கு நன்றாக இப்பாலேயே ரேலீன் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"கூப்பிடலையா?" என்றாள் மிஸ் ஹால்பின்.

"இல்ல."

"ஒரு ஹார்ன்?"

"அடிச்சோம்னா இன்னைக்குப் பூரா இங்கதான். எல்லாரும் எறங்குங்க பிள்ளைங்களா. புல்லுல உக்காருங்க. வேலியத் தொடக்கூடாது. கத்தக்கூடாது. வீட்டையே மொறைச்சுப் பாக்கவும் கூடாது."

"எவ்வளவு நேரம் ஆன்டி?" என்று ஒரு குரல்.

"அவங்க வர்ற வரைக்கும்."

"வரலைன்னா?"

"திரும்பிப் போவோம்."

"காலிங் பெல் இல்லையா அவங்க வீட்ல?"

"இருக்கு. அது தெரிஞ்சவங்களுக்கு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது. பிள்ளைகள் அந்நியர்கள், அதனால் வேலிக்கு வெளியே உட்காரவேண்டும் என்று யோசிக்காமல் செய்துவிட்டாள். தனக்கு? அந்த இரண்டு முறையும் உரிமைக்காரிபோல நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியவள் அவள். ஒருத்தியைக் கேட்காமல் அவள் வளர்த்த பிள்ளையைக் கொண்டுபோய்விட்டு, எதுவும் நடக்காததுபோல அடுப்படி வழியாக உள்ளே போகப் பார்த்தால் கதவு எப்படித் திறக்கும்? இது ஒரு நல்லதண்ணிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. அவள் ஊரிலும் இதுதான் வழக்கம். துக்கத்தில் மறந்திருந்தாள், அல்லது ரோஷத்தில். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து அவளும் புல்லில் உட்கார்ந்தாள்.

ஜன்னல் திரை ஒருமுறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

பத்து நிமிடம் பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள். அதற்கு மேல் ஒருத்தி எறும்பு கடிக்கிறது என்றாள். ஒருவன் தன் சாண்ட்விச்சைக் கொடுத்து இன்னொருவனின் சாசேஜ் ரோலை வாங்கிவிட்டு, ஏமாந்தது தெரிந்து திரும்பக் கேட்டான். மிஸ் ஹால்பின் கேள்வித்தாளில் முதல் கேள்வியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், பேனாவை மூடினாள்.

"கப்பல்காரங்க கதைய நீங்க சொல்லுங்க ஆன்டி," என்று பிள்ளைகள் பிடுங்கினார்கள்.

"அது அவங்க குடும்பத்துக் கதை. நான் சொல்லப்படாது. என் கதை வேணா சொல்றேன். நானும் மொத மொதல்ல இந்தப் புல்லுலதான் உக்காந்தேன்."

"கல்யாணத்துக்கு முந்தியா?"

"கல்யாணம் ஆன மறுவாரம். எங்க வீட்டுக்காரர் என்னை இங்க எறக்கிவிட்டு, 'உக்காரு, கூப்பிடுவாங்க'ன்னு சொல்லிட்டு அவர் மட்டும் உள்ள போனாரு. போனவர் அப்படியே சாப்பிட உக்காந்துட்டாரு. எனக்கு இங்கயிருந்து வாசனை வருது, கரண்டிச் சத்தம் கேக்குது. ஒன்றரை மணி நேரம்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்புறம் யார் வந்தா?"

"அவரோட அக்கா. கையில ஒரு தட்டு, அதுல ஒரு பொரிச்ச மடவை. என் முன்னால வச்சிட்டு, 'நல்லதண்ணிக்காரிக்கு முள்ளெடுத்துத் திங்கத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். தெரியாது. தொண்டையில மாட்டி முழி பிதுங்கிப் போச்சு. முதுகுல அவங்க வச்ச குத்துல முள்ளு எங்க போச்சுன்னே தெரியல. அதுக்கப்புறம் நான் அவங்க வீட்டுப் பொண்ணு."

"நல்லவங்களா அவங்க?"

ரேலீன் யோசித்தாள். "குத்து நல்லா வைப்பாங்க," என்றாள்.

நாற்பது நிமிடம் கழித்து முன்கதவு திறந்தது. கோரல் குள்ளம், அகலம், எழுபதை நெருங்குகிறவள். ஏப்ரனோடு வந்து, முதலில் கொடியிலிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். அவசரமே இல்லை. பிறகு கேட்டுக்கு வந்து, உள்பக்கமாகவே நின்றுகொண்டாள். ரேலீனைப் பார்க்கவில்லை. மிஸ் ஹால்பினையும் பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரு நீங்கள்லாம்?"

மிஸ் ஹால்பின் எழுந்து பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னாள். கோரல் தலையாட்டினாள்.

"வண்டி ஓட்டுறவங்க யாரு?"

பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் 'ரேலீன் ஆன்டி' என்று கத்தினார்கள்.

"பேரக் கேக்கல. யாருன்னு கேட்டேன். எந்த ஊர்த் தண்ணி?"

ரேலீன் எழுந்தாள். முப்பது வருடம் இவளோடு ஒரே பானையில் சமைத்தவள். கோரலின் சர்க்கரை மாத்திரைகள் எந்த டப்பாவில் இருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு, புதிதாக வந்தவள்போல, தன் ஆற்றின் பேரைச் சொன்னாள். அம்மா யார், அம்மாவின் அம்மா யார், அப்பா எந்தப் பக்கத்து ஆள் என்று வரிசையாகச் சொன்னாள். கோரல் ஒரு பேரையும் விட்டுவிடாமல் கேட்டாள். நடுவில் ஒரு சித்தியின் பேர் விட்டுப்போனதும், "மூத்தவளோட தங்கச்சி?" என்று எடுத்துக்கொடுத்தாள். எடுத்துக்கொடுத்தது தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"இந்தப் பிள்ளைங்க உங்க கடற்கரையப் பாக்கணும். உங்க மகன் மடவைக்குப் போயிட்டான். உங்ககிட்டக் கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அவ்வளவுதானா?"

மிஸ் ஹால்பின் எதையோ புரிந்துகொண்டவள்போல வேறு பக்கம் பார்த்தாள்.

"ஒண்ண உங்களக் கேக்காம செஞ்சிட்டேன் அக்கா," என்றாள் ரேலீன். "செஞ்சது தப்புன்னு சொல்லல. அவர் கேட்டத செஞ்சேன். ஆனா மொதல்ல உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கணும். போன்ல சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கும் சேத்துத்தான் இப்ப உக்காந்தேன்."

கோரல் கேட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அங்க ராத்திரியில பனி கொட்டும்," என்றாள் கடைசியில். "அவனுக்குக் கடல் சத்தம் இல்லாம தூக்கம் வராது. சின்னப் பையன்லேருந்தே."

"பிள்ளை பக்கத்துல இருக்காரு அக்கா. அவரு கேட்டதே அதுக்குத்தான்."

"பிள்ளை பக்கத்துலன்னு நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்னடி சொல்லப்போறேன்? அந்தப் பிள்ளைக்கு நான்தான சட்டை தச்சு அனுப்புனேன்? 'எல்லாம் முடிஞ்சிருச்சு, சனிக்கிழமை வச்சிருக்கோம்'ன்னு சொல்ற, சந்தையில ஆடு வித்தவ மாதிரி."

"ஆமா," என்றாள் ரேலீன்.

"ரெண்டு வருஷம்!"

"ஆமாக்கா."

"ஆமா ஆமான்னு நிக்காத. எவ்வளவு நேரம் வெயில்ல வச்சிருக்க பிள்ளைங்கள? அறிவு வேணாம்?"

"நாப்பது நிமிஷமா உள்ள இருந்தது யாராம்?"

"போர்வை ஊறவச்சிருந்தேன்," என்றாள் கோரல் முகத்தை மாற்றாமல். கேட்டின் கொக்கியை நீக்கினாள்.

தொப்பியை எடுத்துவர அவளுக்கு இன்னும் பத்து நிமிடம் ஆனது. பஸ்ஸில் ஏறி, மிஸ் ஹால்பினின் பையைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கடற்கரைக் கேட்டில் இறங்கி நின்று, பிள்ளைகளைப் பார்த்து முதலில் தன் தாய்மொழியில் நாலு வாக்கியம் சொன்னாள். பிறகு, "உள்ள வாங்க. கல்ல எடுக்காதீங்க, சிப்பிய எடுக்காதீங்க, போறப்ப சொல்லிட்டுப் போங்க," என்றாள். அவ்வளவுதான். டாலிபோல வேடிக்கை இல்லை, கையை விரிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள். ஒருவன் மட்டும், "உங்க குத்து நெஜமாவே வலிக்குமா?" என்று கேட்டான்.

"யார் சொன்னா?"

அவன் ரேலீனைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓடினான்.

வழக்கமாக ரேலீன் பஸ்ஸிலேயே இருந்துவிடுவாள். அன்று கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றாள். கோரல் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தனியா சீட்டு அனுப்பணுமா? வாயேன்."

பிள்ளைகள் பலகையைச் சுற்றி நின்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். வடக்குக் கரையிலிருந்து காற்றில் ஆட்களின் கூச்சல் துண்டு துண்டாக வந்தது. வலையில் நல்ல பாடு போலிருக்கிறது. கோரல் ஏப்ரன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்தாள். சர்க்கரைக்காரி தின்னக்கூடாத பிஸ்கட். ரேலீன் பெரிய பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மெலிஞ்சு போயிருக்க," என்றாள் கோரல்.

"நீங்க மெலியல."

"நாய் வளக்குறியாமே, மூணு?"

"அது ஒரு கதை."

"சொல்லு."

"சொல்லமாட்டேன். சிரிப்பீங்க."

கோரல் மடியில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். "பள்ளிக்கூட லீவு ஜூலைல தானே?"

"ஜூலை மொத வாரம்."

"உங்க ஊருக்கு எவ்வளவு நேரம்?"

"ஒன்பது மணி நேரம்."

"நீ ஓட்டுனாவா?"

"ஆமா. நீங்க ஓட்டுனா ஆறு. ஆனா உசுரோட போய்ச் சேரமாட்டோம்."

"நீயே ஓட்டு," என்றாள் கோரல். "உங்க ஊர் எல்லையில எங்க வண்டிய நிறுத்தி உக்காரணும்னு மட்டும் எனக்குக் காட்டு. உங்க அம்மா வந்து கூப்பிடட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"அம்மாவுக்கு எண்பத்தாறு. வாசலுக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்," என்றாள் கோரல். "போர்வை எடுத்துட்டு வர்றேன்."